அத்தையோடு பூக்களின் பள்ளத்தாக்குக்கு

சனிக்கிழமை: ரிஷிகேஷ் – ஜோஷிமட்

அதிகாலையில் ரிஷிகேஷில் வண்டி ஏறியது. ஜோஷிமட் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. தூரம் என்னவோ 250 கிலோமீட்டர்தான். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பக்கம் யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. "வழி திறந்திருக்கா?" என்பதுதான் டீக்கடைக்கு டீக்கடை காதில் விழும் கேள்வி. இரண்டு இடங்களில் மலை சரிந்து கிடந்தது. ஜேசிபி மண்ணை அள்ளி முடிக்கும் வரை காத்திருந்தோம். ஓட்டுநர் இதற்கெல்லாம் அசரவில்லை. எஞ்சினை அணைத்தார், செருப்பைக் கழற்றினார், காலை நீட்டித் தூங்கிவிட்டார்.

உடன் வருவது என் அத்தை. அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போன பழக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகள் அவருக்கு அத்துப்படி. இமயமலையை மட்டும் பார்த்ததில்லை. அவர் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம், ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டு, அரைக் கிலோ இட்லிப்பொடி ஆகியவை அவர் பையில் முக்கியமானவை. இட்லியே கிடைக்காத ஊரில் பொடி எதற்கு என்று கேட்டேன். சப்பாத்திக்காம்.

போகும் இடம் உத்தராகண்ட், சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 87.5 சதுர கிலோமீட்டர். 2005ல் நந்தாதேவி பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூ அதிகமாக இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதாவது மழை கொட்டும் நேரத்தில். பூ வேண்டுமென்றால் மழையை வாங்க வேண்டும், மழையோடு மண்சரிவையும் சேர்த்துத்தான் கட்டித் தருவார்கள்.

ஜோஷிமட் விடுதியில் ஒரு தமிழ்க் கோஷ்டி. ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களுக்கு யாத்திரை. தேவப்பிரயாகையைக் கண்டமென்னும் கடிநகர் என்றும், இந்த ஊரைத் திருப்பிரிதி என்றும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நாளை பத்ரிநாத் போகிறார்கள். சமையல்காரரையும் சாம்பார்ப் பொடியையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். "பூப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேள்?" என்று ஒரு மாமி அத்தையைக் கேட்டார். "ஆமா மாமி, பூதான்" என்றார் அத்தை. மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் இருவருக்கும் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தார்.

சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடந்தோம். 2023 ஜனவரியில் இந்த ஊரே செய்தியாக இருந்தது. நிலம் தாழ்ந்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல். காலி செய்த வீடுகள் சில பூட்டியபடியே கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, குக்கர் விசில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை: புல்னா – காங்கரியா

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கே அலகநந்தாவைத் தாண்டி, ஷேர் ஜீப்பில் நாலு கிலோமீட்டர் ஏறினால் புல்னா. சாலை அதோடு முடிகிறது. அப்புறம் காங்கரியா வரை ஒன்பது, பத்து கிலோமீட்டர் நடை. நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. முதுகில் கூடை கட்டித் தூக்கிப் போகும் ஆட்களும் உண்டு, அதற்குக் கண்டி என்று பெயர். கோவிந்த்காட்டிலிருந்து ஹெலிகாப்டரும் பறக்கிறது, மேகம் விட்டால்.

நாங்கள் நடந்தோம். புல்னாவில் ஒரு மூங்கில் கோலை விலை பேசி வாங்கினார் அத்தை. அவருடைய இந்தி "கித்னா" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும், ஆனால் அந்தச் சொல்லை மூன்று விதமான குரலில் சொல்லி விலையைப் பாதியாக்கிவிட்டார்.

பாதை முழுவதும் கல் பாவியது. லட்சுமண கங்கை பக்கத்திலேயே இரைந்துகொண்டு வருகிறது, பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். நடப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் மேலே ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப்புக்குப் போகும் சீக்கியர்கள். பஞ்சாபிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எண்பது வயதுப் பாட்டி, தோளில் குழந்தை, செருப்பில்லாமல் ஏறும் இளைஞர்கள். எதிரே இறங்கி வருபவர்கள் நமக்குக் குளுக்கோஸும் மிட்டாயும் கொடுத்து "வாஹே குரு" சொல்லிவிட்டுப் போகிறார்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்றும் சொல்கிறார்கள். இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கழுதைகள் வரும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. இரண்டு பக்கமும் சிலிண்டரும் மூட்டையும் தொங்கும் கழுதைக்குத் தன் அகலம் தெரியாது. ஒரு இடி போதும். அவசரப்பட்டு விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பாதையோரம் ஓரிடத்தில் கையை வைக்கப் போனேன், அத்தை தட்டிவிட்டார். பிச்சு காஸ். நம் ஊர்ச் செந்தட்டி போலத்தான், ஆனால் இடுப்பு உயரத்துக்கு வளர்கிறது. தெரியாமல் உரசினால் அன்றைய நடை முழுக்க அதே நினைப்புதான். மலைக்காரர்கள் இதன் தளிரை வேகவைத்துக் கீரையாகக் கடைகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பியூந்தார் கிராமத்தில் டீ. 2013 ஜூனில் கேதார்நாத்தில் வந்த வெள்ளத்தைத்தான் உலகம் பேசியது. அதே மழை இந்தப் பள்ளத்தாக்கையும் விடவில்லை. பழைய பாதையை, பாலங்களை, கரையோர வீடுகளை ஆறு கொண்டுபோனது. இப்போது நடப்பது அதற்குப் பிறகு வெட்டிய பாதை. ஊரைத் தாண்டிப் பாலம் கடந்ததும் ஏற்றம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு நானும் அத்தையும் பேசிக்கொள்ளவே இல்லை.

காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. ஒரே தெரு. இரண்டு பக்கமும் விடுதி, தாபா, கம்பளிக் கடை, நடுவில் பெரிய குருத்வாரா. சீசன் முடிந்தால் ஊரே காலி, எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். கழுதைச் சாணம், டீசல், பராத்தா மூன்றும் கலந்து ஒரு வாசனை. நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கிறது, கிடைக்கும்போது இந்தக் குறிப்புகளை ஏற்றுகிறேன். ராத்திரி குருத்வாராவின் இலவசச் சாப்பாட்டுக்கூடமான லங்கரில் ரொட்டி, பருப்பு, கீர். அத்தை இட்லிப்பொடியை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை: பள்ளத்தாக்கு

காலை ஏழு மணிக்கு வனத்துறைச் சாவடி திறக்கிறது. பெயர் எழுதி, சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும். உள்ளே தங்க அனுமதி இல்லை, கழுதை இல்லை, கடை இல்லை. கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஹேம்குண்ட். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இடப்பக்கம் திரும்பிய நூறு அடியில் சத்தம் நின்றது. சீக்கியக் குடும்பங்கள் போய், இப்போது எங்களோடு இருந்தவர்கள் புனே, பெங்களூரு, கொல்கத்தாக்காரர்கள். கொல்கத்தாக்காரர்களைக் கண்டுபிடிப்பது எளிது, குரங்குக் குல்லாய்.

புஷ்பாவதி ஆற்றின் மேல் பாலம். அதைக் கடந்ததும் காட்டுக்குள் ஏற்றம். இந்தக் காட்டை எல்லோரும் மூச்சிரைக்கக் கடந்துவிடுகிறார்கள், "பள்ளத்தாக்கு எப்போ வரும்" என்ற நினைப்பில். அத்தை அதன் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். பூர்ஜ மரம். பழங்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பட்டை இதுதான். மரத்தில் தானாக உரிந்து தொங்கிய ஒரு நாரைக் காட்டினார். மேலே சாம்பல் வெள்ளை, உள்ளே வெளிறிய ரோஸ். குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். விரல் நகத்தால் ஓரத்தைத் தொட்டாலே அடுக்கடுக்காகப் பிரிகிறது, ஒவ்வொரு அடுக்கும் சிகரெட் தாளை விட மெல்லியது. "ஏடு செய்ய யாரும் மெனக்கெடலடா. மரமே செஞ்சு வெச்சிருக்கு" என்றார். மூங்கில் கோலை நீட்டி எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொன்னார்.

பாமினி தௌர் என்று ஒரு பெரிய பாறைக்கூரை வருகிறது. மழைக்கு ஒதுங்கலாம். அதைத் தாண்டினால் காடு விலகி, பள்ளத்தாக்கு திறக்கிறது. சுமார் எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். கோடியில் ரதபன் சிகரம், 6,166 மீட்டர். அதற்கு முன்னால் மேகம், மேகம் விலகும்போது பனியாறு, மறுபடி மேகம்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்த இடத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் பத்து நிமிஷத்தில் ஏமாந்துபோகிறார்கள். கம்பளம் விரித்தாற்போல ஒரே நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பூ இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். முன்னால் போன ஒரு இளைஞர் கூட்டத்தில் ஒருவர், "அவ்வளவுதானா?" என்று இந்தியில் கேட்டேவிட்டார். பச்சைதான் அதிகம். பூ அதற்குள் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பூச்செடி வகைகள் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலானவற்றின் பூ சட்டைப் பொத்தான் அளவு. நின்றால்தான் தெரியும், குனிந்தால் இன்னும் தெரியும். அந்தக் கூட்டம் விறுவிறுவென்று நடந்து, ரீல்ஸ் எடுத்து, நாங்கள் கால்வாசி தூரம் போவதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அத்தை குனிந்துதான் நடந்தார். கருஞ்சிவப்புப் பொட்டென்டில்லா. ஊதா இதழும் வெள்ளை நடுவுமாக ஜெரேனியம். மணியைக் கவிழ்த்த வடிவில் கம்பானுலா. பாறை நிழலில் படமெடுத்து நிற்கும் கோப்ரா லில்லி, உள்ளூரில் இதைப் பாம்புச் செடி என்கிறார்கள், அதன் நுனியிலிருந்து ஒரு நீள வால் தரை வரை தொங்குகிறது. எல்லாவற்றையும் விட அவரைக் குஷிப்படுத்தியது, பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு நின்ற இளஞ்சிவப்புப் பூக்கள்தான். இம்பேஷன்ஸ். "நம்ம காசித்தும்பைடா!" என்று கத்தினார். மூணாறிலும் கொடைக்கானலிலும் ஈரப் பாறையில் விரற்கடை உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடும்பம், இங்கே வந்து நம் தலைக்கு மேல் நிற்கிறது. முற்றிய காய் ஒன்றைத் தொடச் சொன்னார். தொட்டதும் தோல் சுருண்டு வெடித்து விதைகள் என் கண்ணாடியில் அடித்தன. அறுபது வயதுக்காரர் ஒருவர் இதைத் திரும்பத் திரும்பச் செய்து சிரிப்பதைப் பார்த்து வனக்காவலர் ஒருவர் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

ஓடை ஒன்றைக் கடக்கும் இடத்தில், பாறை இடுக்கில் நீலப் பாப்பி. இதற்காகவே வருபவர்கள் உண்டு. நம் கசகசாச் செடியின் சொந்தம். தண்டெல்லாம் முள், நாலு நீல இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. இதழ் கசங்கிய பட்டுத் துணியாக இருந்தது, மழைத்துளி விழும்போதெல்லாம் மொத்தப் பூவும் தலை ஆட்டியது. நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, அதில் துளி ஊதா கலந்திருக்கிறது. என் செல்போன் கேமரா அந்த நிறத்தைக் கடைசிவரை பிடிக்கவில்லை. அத்தை நோட்டில் வரைந்தார், நிறத்தை எழுத்தில் எழுதினார்.

மூன்று மணிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பாதியைத்தான் பார்த்திருந்தோம். "நாளை மறுநாள் மறுபடி வரணும்" என்றார் அத்தை. கேள்வியாக இல்லை, முடிவாக.

செவ்வாய்க்கிழமை: ஹேம்குண்ட்

இன்று ஏற்றம். ஆறு கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். அத்தை முழங்காலோடு விவாதிக்கவில்லை, கழுதையில் ஏறிக்கொண்டார். நான் நடந்தேன். முதல் மணி நேரத்தில் கெத்தாக இருந்தது, மூன்றாவது மணி நேரத்தில் கழுதைகள் மேல் பொறாமை வந்துவிட்டது. கடைசிப் பகுதியில் வளைந்து வளைந்து போகும் பாதையை விட்டுவிட்டுக் குறுக்கே ஏற ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்படிகள் உண்டு. பதினைந்து படி, ஒரு நிறுத்தம் என்று ஏறினேன். 4,000 மீட்டரைத் தாண்டியதும் தலை லேசாகக் கனக்கத் தொடங்கியது. இந்த உயரத்தில் தலைவலியோடு வாந்தியும் தடுமாற்றமும் சேர்ந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிட வேண்டும், அதற்கு அதுதான் மருந்து.

படிகளின் ஓரத்தில், பாறைச் சரிவில், பிரம்ம கமலம். நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டியில் நள்ளிரவில் பூத்ததும் வீட்டார் விளக்கேற்றி, வாட்ஸ்அப்பில் "பிரம்ம கமலம் தரிசனம்" என்று அனுப்புவார்களே, அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளிவகை. இது வேறு. சூரியகாந்திக் குடும்பம், உத்தராகண்டின் மாநில மலர். முழங்கால் உயரத் தண்டு. வெளிறிய பச்சை மஞ்சளில் தாமரை இதழ் மாதிரித் தெரிவதெல்லாம் இதழே இல்லை, காகிதம் போன்ற இலைகள்தான். அவை மூடி நிற்கின்றன. ஒன்றை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். உள்ளே கருஊதா நிறத்தில் சின்னச் சின்ன மொட்டுக் கொத்துகள், அவைதான் பூ. குளிரும் மழையும் படாமல் உள்ளே கதகதப்பாக இருக்கிறது, ஒரு சின்ன வண்டு படுத்திருந்தது. மணம் கொஞ்சம் தூக்கல், எல்லோருக்கும் பிடிக்காது. கோயிலுக்கென்று பறிப்பது இங்கே பழைய வழக்கம். எட்டும் உயரத்தில் இருந்தவற்றில் பல வெறும் தண்டாக நின்றன, எட்டாத பாறையில்தான் கூட்டமாக இருந்தன.

மேலே ஏரி, ஏரிக்கரையில் நட்சத்திர வடிவ குருத்வாரா. சுற்றிலும் ஏழு சிகரங்கள். குரு கோவிந்த் சிங் தன் முற்பிறவியில் தவம் செய்ததாகச் சொன்ன இடம் இதுதான் என்று 1930களில் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பே இது உள்ளூர்க்காரர்களுக்கு லோக்பால், லட்சுமணன் தவம் செய்த இடம். குருத்வாராவை ஒட்டியே லட்சுமணன் கோயில் இருக்கிறது, பஞ்சாபிப் பாட்டிகள் அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஏரித் தண்ணீரில் இறங்கி முங்குகிறவர்களைப் பார்த்தேன். நான் கால் கட்டைவிரலை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

அத்தை எனக்கு முன்பே வந்து, லங்கரில் கிச்சடி சாப்பிட்டு, இரண்டாவது டம்ளர் டீயில் இருந்தார். இங்கே ராத்தங்கல் கிடையாது. மதியப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள்.

இறங்கும்போது கழுதைக்காரரிடம் ரோப்கார் பற்றிக் கேட்டேன். கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட் வரை 12.4 கிலோமீட்டருக்கு, 2,730 கோடி ரூபாயில், 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. "வரட்டும். கிழவர்களுக்கு நல்லதுதான்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "எனக்கு ஆறு கழுதை" என்றார். வயதானவர்கள் முதுகுக் கூடையில் குலுங்கி வருவதைப் பார்த்தவர்கள் ரோப்காரை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மேலே அந்தச் சின்ன ஏரிக்கரையில் இன்று இருந்த கூட்டத்தைப் போல ஐந்து மடங்கு நின்றால் எங்கே நிற்பார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

புதன்கிழமை: மறுபடியும் பள்ளத்தாக்கு

விடியற்காலையிலிருந்து மழை. கொட்டுகிற மழை இல்லை, விடாத மழை. பாதி விடுதி போர்வைக்குள் இருந்தது. சாவடிக்காரர் எங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "மறுபடியுமா?" என்றார். இம்முறை பியூந்தார் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம்.

மழையில் பள்ளத்தாக்கு நன்றாகவே இருந்தது, ஒரு விதத்தில் கூடுதலாக. சிகரம் எதுவும் தெரியாததால் பார்வை தரையை விட்டு எங்கும் போகவில்லை. 1931ல் பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தும் அவர் கூட்டாளிகளும் இப்படித்தான் வந்தார்கள். 7,756 மீட்டர் காமெட் சிகரத்தில் முதன்முதலாக ஏறிவிட்டு, கணவாய் வழியாக மோசமான வானிலையில் இந்தப் பக்கம் இறங்கியபோது கண்ணில் பட்டது. 1937ல் ஸ்மைத் திரும்பி வந்து தங்கினார், அடுத்த வருஷம் எழுதிய புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர்தான் இடத்தின் பெயராகவே நின்றுவிட்டது. 'கண்டுபிடித்தார்' என்று பலகையில் எழுதியிருக்கிறது. வழிகாட்டி அதைக் கடக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தாத்தா ஒவ்வொரு கோடையிலும் ஆடுகளோடு வந்து கிடை போட்ட இடம் இது.

கொஞ்ச தூரத்தில் ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை. பிரிட்டனிலிருந்து பூச்செடி சேகரிக்க வந்தவர், 1939 ஜூலையில் பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். பின்னால் அவர் சகோதரி வந்து கல் நட்டிருக்கிறார். மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதத்தின் வரி பொறித்திருக்கிறது. அத்தை பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் கழித்துப் பார்த்து, "என்னைவிடச் சின்னவ" என்றார். கல்லின் மேல் யாரோ கூழாங்கற்கள் வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து ஆற்றங்கரை வரை ஒரு கிளைப்பாதை. வழி முழுக்க வெள்ளைப் பூங்கொத்தோடு தலைக்கு மேல் வளர்ந்த ஒரு செடி, அடர்த்தியாக, வேறெதற்கும் இடம் விடாமல். முந்தாநாள் ரீல்ஸ் கூட்டம் இதன் முன்னால்தான் அதிகம் படம் எடுத்தது. அத்தை கேட்டார், வழிகாட்டி காறித் துப்பாத குறையாகச் சொன்னார். பாலிகோனம். இங்கே பிறந்த செடிதான், ஆனால் எல்லை மீறிவிட்டது. நிழலில் சின்னச் செடிகளை முளைக்க விடாது. வனத்துறை ஆட்களை வைத்து வருஷந்தோறும் வெட்டுகிறது, வேரிலிருந்து திரும்ப வருகிறது.

"ஆடு இருந்தவரை இது இவ்வளவு இல்லை" என்பது அவர் கட்சி. 1982ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்து, மேய்ச்சல் நின்றது. ஆடு தின்றும் மிதித்தும் அடக்கி வைத்திருந்த செடி அதற்கப்புறம் தலை தூக்கிவிட்டது என்கிறார். மறுகட்சியும் இருக்கிறது. மண் குலைந்த இடத்தைத்தான் இந்தச் செடி முதலில் பிடிக்கும். பழைய கிடை போட்ட நிலமும் சரிவு விழுந்த நிலமும் அதற்கு வாகானவை. ஆக, வழி போட்டுக் கொடுத்ததே ஆடுதான் என்பது அந்த வாதம்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை குடையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தார். "ஆட்டை விட்டா அது இதை மட்டும் தின்னுட்டுப் போயிருமா? அந்த நீலப் பாப்பிய விட்டு வைக்குமா? கேளு அவர்கிட்ட" என்றார். கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். "விட்டு வைக்காது. ஆனால் அதுவும் திரும்ப முளைத்ததே, அம்மா. என் தாத்தா காலத்திலும் இங்கே பூ இருந்தது" என்றார். இதற்கு அத்தையிடம் பதில் இல்லை. எனக்கு வழிகாட்டியின் பேச்சில் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஸ்மைத் மயங்கிப்போன பள்ளத்தாக்கும் ஆடு மேய்ந்த பள்ளத்தாக்குதானே. ஒரு ஓரத்தில் வேலி கட்டி, கொஞ்சம் ஆடு விட்டு, பத்து வருஷம் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்வது எளிது, தடை போட்ட இடத்தில் ஆட்டை அனுமதிப்பதாக எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

ஆற்றங்கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே தரையோடு படர்ந்த இளஞ்சிவப்பு எபிலோபியம். பனி உருகிய தண்ணீர் அடிக்கடி புரட்டிப்போடும் இடத்தில்தான் இது வளர்கிறது, பாலிகோனம் இங்கே வருவதில்லை. பாறையடியில் உட்கார்ந்து பராத்தாவை இட்லிப்பொடி தொட்டுத் தின்றோம். வழிகாட்டிக்கும் கொடுத்தார் அத்தை. இரண்டாவது கவளத்தில் அவர் கண்ணில் தண்ணீர், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. திரும்பும்போது ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை: இறக்கம்

இறக்கத்தில் மூச்சு மிச்சம், முட்டிக்குத்தான் செலவு. அத்தை பக்கவாட்டில் திரும்பி, கோலை முன்னால் ஊன்றி, படி படியாக இறங்கினார். புல்னாவில் வெந்நீரில் கால் வைத்தபோதுதான் பேச்சு வந்தது.

வர நினைப்பவர்களுக்கு: காங்கரியாவில் பணம் எடுக்க ஏடிஎம்மை நம்பாதீர்கள், ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுங்கள். குடையை விட முழங்கால் வரை வரும் போஞ்சோ மேல், முதுகுப் பையையும் சேர்த்து மூடும். காலுறை மட்டும் எத்தனை கொண்டு வந்தாலும் காயாது. முக்கியமாக, பள்ளத்தாக்குக்கு ஒரு நாள், ஹேம்குண்டுக்கு ஒரு நாள் என்று எல்லா டூர் பேக்கேஜும் போடுகிற கணக்கை ஏற்காதீர்கள். பள்ளத்தாக்குக்குள் இருப்பது ஒரே பாதைதான், ஆனால் ஒரே நாளில் அதை நடந்து முடித்தால் மலைதான் பார்த்திருப்பீர்கள். முடிந்தால் மெதுவாக நடக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அத்தையின் நோட்டில் எண்பத்து சொச்சம் செடிகள் ஏறியிருக்கின்றன, அதில் பாதிக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். நான் தனியாக வந்திருந்தால் பத்துக்கு மேல் தேறியிருக்காது.

கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வதரியைப் பார்க்காமல் போவதா என்கிறார் அத்தை. கோலூன்றித் தள்ளாடும் வயது வருமுன் போய் வணங்கிவிடுங்கள் என்பதுதான் திருமங்கையாழ்வார் அந்த ஊரைப் பாடும்போது சொல்வது. கையில் ஏற்கெனவே கோல் இருக்கிறதே என்றேன். முறைத்தார்.

லாம்பகட் பக்கம் மலை சரிந்து வழி அடைத்திருக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறக்கலாம் என்கிறார்கள். திறந்தால் மேலே போகிறோம், இல்லையென்றால் ரிஷிகேஷுக்கு வண்டி பேசியாகிவிட்டது.